பி.காம். படித்துக்கொண்டே இன்னொரு பட்டம்: வேலைக்கு உண்மையில் உதவுமா?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் பி.காம். முதலாண்டு முடித்திருக்கிறேன். மதிய ஷிஃப்ட். ஒன்றரைக்கு வகுப்பு தொடங்கும், ஆறு மணிக்கு முடியும். காலை முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியலோடு கணினிப் பயன்பாடு எடுத்தேன், கணக்கு பத்தோடு நின்றுவிட்டது.

அந்தக் காலை நேரத்தில் இன்னொரு பட்டம் படித்துவிடலாமா என்று யோசனை. மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன. ஒன்று, ஐ.ஐ.டி. மெட்ராஸ் இணைய வழியில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். இரண்டு, தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. பொருளாதாரம். மூன்று, சி.ஏ. சித்தப்பா பையன் பெங்களூரில் இருக்கிறான். "ரெஸ்யூமேயில ரெண்டு டிகிரி இருந்தா சம்பளம் தானா ஏறும்" என்கிறான். அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். கட்டணத்தை அவரிடம் கேட்பதற்கு முன் எனக்கே ஒரு தெளிவு வேண்டும்.

"நல்லா படிம்மா" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

நேர்காணல்_மேசை எழுதியது:

தங்கச்சி, நான் சென்னையில் புதியவர்களை வேலைக்கு எடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன். பி.காம்., பி.பி.ஏ., பி.எஸ்சி. படித்தவர்கள்தான் பெரும்பாலும். கல்லூரிக்கு நாங்கள் வரும்போது என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிளேஸ்மென்ட் செல்லில் இருந்து ஒரு எக்செல் ஷீட் வரும். பெயர், பட்டம், பத்தாம் வகுப்பு சதவீதம், பன்னிரண்டு, கல்லூரியில் இதுவரை எவ்வளவு, அரியர் உண்டா. பெரும்பாலான கம்பெனிகள் எல்லாவற்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் கூடாது என்று வடிகட்டும். இரண்டாவது பட்டத்துக்கு அந்த ஷீட்டில் இடமே கிடையாது. வடிகட்டலில் தேறியவர்களுக்கு ஆப்டிட்யூட், ஆங்கிலம், அப்புறம் நேர்காணல். ஒரு பேட்சில் எடுக்கும் எல்லோருக்கும் ஒரே சம்பளம்தான். பக்கத்து நாற்காலியில் இருப்பவரைவிட ஒரு பட்டம் கூடுதலாக வைத்திருப்பவருக்கு என்று தனித் தொகை ஒதுக்கியதை நான் பார்த்ததில்லை. சம்பளம் தானா ஏறும் என்று சொன்ன அண்ணன் எந்தத் துறையில் இருக்கிறார் என்று கேட்டுப் பார்.

இன்னொன்று. நீ பி.காம். முடிக்கும்போது பி.எஸ். முடிந்திருக்காது. அது நாலு வருடப் படிப்பு, நீ ஒரு வருடம் தாமதமாகச் சேர்கிறாய். ஆக ரெஸ்யூமேயில் "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்றுதான் போடமுடியும். நேர்காணலில் முதல் கேள்வியே "பரீட்சைக்கு லீவு கேட்பீர்களா, பாதியில் போய்விடுவீர்களா" என்பதாகத்தான் இருக்கும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பதில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

கல்லூரி வளாகத்துக்கு வெளியே நீயே விண்ணப்பிக்கும் டேட்டா அனலிஸ்ட் மாதிரி வேலைகள் வேறு கதை. அங்கே முதலில் எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸில் இருந்து தகவல் எடுக்கும் மொழி) டெஸ்ட், எக்செல்லில் ஒரு பயிற்சி. அதில் தேறினால்தான் பட்டத்தைப் பற்றிய பேச்சே வரும்.

பழைய_சிலபஸ் எழுதியது:

முதலில் இது சட்டப்படி சரியா என்று யாரும் கேட்கவில்லையே. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படித்தால் ஒன்று செல்லாது என்றுதானே எங்கள் காலத்தில் சொல்வார்கள்?

கரும்பலகை எழுதியது:

பழைய_சிலபஸ் சார், அது மாறிவிட்டது. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வழிகாட்டுதல் வெளியிட்டது. வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டு பட்டமும் நேரடியாகவே படிக்கலாம். ஒன்று நேரடி, ஒன்று இணையவழி அல்லது தொலைநிலை என்றும் படிக்கலாம். இரண்டுமே தொலைநிலையாகவும் இருக்கலாம். பிஎச்.டி.க்கு மட்டும் இது பொருந்தாது. நேரடியாக இரண்டு கல்லூரியில் சேர நினைப்பவர்கள் எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்றால், இரண்டு அலுவலகமும் அசல் டி.சி.யைக் கேட்கும், அது ஒன்றுதானே இருக்கிறது. காவிரிக்கரை சொன்ன மூன்றிலும் அந்தச் சிக்கல் இல்லை.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். எங்கள் துறையில் கூடுதல் பட்டத்தின் கதை கொஞ்சம் கசப்பானது. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்கள் ஒரே வருடத்தில் இன்னொரு பாடத்தில் பட்டம் வாங்கும் வசதி ஒரு காலத்தில் இருந்தது. இரட்டைப் பட்டம் என்போம். அதை வைத்துப் பதவி உயர்வு கேட்டபோது, மூன்று வருடம் படித்தவர்களும் இவர்களும் ஒன்றா என்று வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. ஆசிரியர் அறைகளில் வேறு பேச்சே இல்லாமல் இருந்த காலம் அது. அதனால்தான் சொல்கிறேன், அரசு வேலை மனதில் இருந்தால், எந்த அறிவிக்கையில் எந்தத் தகுதியைக் கேட்கிறார்கள் என்று படித்துவிட்டு அப்புறம் பட்டத்தைத் தேர்ந்தெடு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2க்குப் பெரும்பாலான பதவிகளில் ஏதாவது ஒரு பட்டம் போதும், இரண்டாவது பட்டத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது.

பி.ஏ. பொருளாதாரம் பற்றி: எதற்காக? பி.காம். முடித்துவிட்டுப் பல பல்கலைக்கழகங்களில் நேரடியாக எம்.ஏ. பொருளாதாரம் சேரலாம்.

அரியர்_அரசன் எழுதியது:

ஒரு டிகிரியையே முடிக்க முடியாமல் இருக்கிறேன். உங்களுக்கெல்லாம் காலை நேரம் மிச்சமாகிறது. வாழ்க!

தணிக்கைத்_தம்பி எழுதியது:

சி.ஏ. பற்றி நான் சொல்கிறேன், இப்போது ஆர்ட்டிக்கிள்ஷிப்பில், அதாவது ஆடிட்டரிடம் இருக்கும் கட்டாயப் பயிற்சியில் இருக்கிறேன்.

பி.காம். கூட சி.ஏ. என்பது நம் ஊரில் பழைய ஜோடி. இரண்டிலும் பாதிப் பாடம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போகும். கம்பெனிச் சட்டம், வரி, காஸ்டிங் எல்லாம் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. அதனால் உழைப்பு இரண்டு மடங்கு ஆகாது. ஆனால் ஆழம் வேறு. கல்லூரியில் ஒரு கணக்கைப் போட்டால் போதும், அங்கே எந்த அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டுபடி போட்டாய் என்று எழுத வேண்டும்.

வழி இரண்டு. இப்போதே சி.ஏ.வின் முதல் நிலைத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதலாம், நாலு தாள். இல்லாவிட்டால் பி.காம். 55 சதவீதத்தோடு முடித்துவிட்டு ஃபவுண்டேஷனே இல்லாமல் நேராக இரண்டாம் நிலையான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிக்கிள்ஷிப் மூன்று வருடத்தில் இருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. ஆனால் இன்டரில் இரண்டு குரூப்பும் தேறினால்தான் அதில் சேரமுடியும். ஆர்ட்டிக்கிள்ஷிப் காலத்தில் வேறு பட்டம் படிக்க வேண்டுமென்றால் படிவம் 112 கொடுத்து சி.ஏ. இன்ஸ்டிடியூட்டிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தபின் வேறு எதற்கும் மூச்சு இருக்காது என்பது தனி விஷயம். வரித் தணிக்கை நெருக்கும் செப்டம்பர் மாதம் வந்து பாருங்கள்.

கூடுதல் பட்டத்துக்கும் சி.ஏ.வுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சி.ஏ. முடித்தால் ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை சட்டப்படி வருகிறது. சி.ஏ. அல்லாத இன்னொருவர் அதைச் செய்யமுடியாது. டேட்டா சயின்ஸ் பட்டம் அப்படி எதையும் தருவதில்லை, அந்த வேலையை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொண்டு செய்யலாம். ஆனால் சி.ஏ. பாதியில் நின்றால் கையில் பட்டம் என்று ஒன்றும் இருக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹூஸ்டன்_வெயில் எழுதியது:

இங்கே அமெரிக்காவில் என் மகள் இதே குழப்பத்தில் இருந்தாள். யூடியூபில் டபுள் மேஜர் (இரண்டு முதன்மைப் பாடம்) பற்றி வரும் அறிவுரைகளை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், இரண்டும் வேறு ஏற்பாடு. இங்கே டபுள் மேஜர் என்றால் பெரும்பாலும் ஒரே பட்டம், மொத்தம் 120 கிரெடிட் அளவில். பொதுப்பாடங்கள் இரண்டுக்கும் பொது. கொஞ்சம் திட்டமிட்டால் அதே நாலு வருடத்தில், அதே கட்டணத்தில் முடிந்துவிடும். உங்கள் நிலைமை அப்படி இல்லை. இரண்டு நிறுவனம், இரண்டு கட்டணம், இரண்டு பரீட்சைக் காலம்.

இங்கே அது நேரடியாகக் காசாகும் ஓர் இடம் உண்டு. இந்தியாவில் இருந்து வரும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற மாணவர் விசா அனுமதியில் 12 மாதம் வேலை செய்யலாம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பு என்றால் இன்னும் 24 மாதம். சாதாரணப் பொருளாதாரம் அந்தப் பட்டியலில் இல்லை, கணிதம், கணினி அறிவியல் இருக்கின்றன. அதனால் பொருளாதாரம் படிப்பவர்கள் கணிதத்தை இரண்டாவது மேஜராகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்போதும் பார்க்கும் வேலை அந்தக் கணிதத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும்.

உங்களுக்குப் பொருந்துகிற ஒன்று: பி.காம். மூன்று வருடம். இங்கே மாஸ்டர்ஸுக்குப் பல பல்கலைக்கழகங்கள் பள்ளியோடு சேர்த்துப் பதினாறு வருடப் படிப்பைக் கேட்கும். நாலு வருடப் பட்டம் ஒன்று கையில் இருந்தால் அந்தத் தடை போய்விடும். வெளிநாட்டில் மேல்படிப்பு எண்ணம் இருந்தால் பி.எஸ். படிப்பை அந்தக் கோணத்திலும் பாருங்கள்.

கணக்கு_வராது எழுதியது:

நானும் பி.காம்.தான். ஐ.ஐ.டி. பி.எஸ். படிப்பில் ஃபவுண்டேஷன் என்ற முதல் நிலையை முடித்து டிப்ளமோ நிலையில் இருக்கிறேன். விளம்பரத்தில் இல்லாத சங்கதிகளைச் சொல்கிறேன்.

ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும், பன்னிரண்டு முடித்திருக்க வேண்டும். முதலில் குவாலிஃபையர் என்ற தகுதித் தேர்வு. நாலு வாரம் பாடம் நடத்திவிட்டு அதிலிருந்தே பரீட்சை வைப்பார்கள். கணக்கை விட்டு விலகி இருந்தவர்களுக்கு இது நியாயமான ஏற்பாடு என்றே சொல்வேன், நம்மால் முடியுமா என்று நாலு வாரத்தில் நமக்கே தெரிந்துவிடும்.

அதற்கப்புறம் ஃபவுண்டேஷனில் எட்டுப் பாடம். கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு, ஆங்கிலம் இரண்டு, கம்ப்யூட்டேஷனல் திங்கிங், பைத்தான். முதல் கணிதத்தாள் நேர்கோடு, இருபடிச் சமன்பாடு, மடக்கை என்று பழகிய முகமாகவே தொடங்கும். இரண்டாவதில் அணி, திசையன் வெளி என்று வரும்போதுதான் வணிகவியல் கூட்டம் மெலியும். புள்ளியியல் இரண்டாவது தாளும் அப்படித்தான், நிகழ்தகவு கழுத்தைப் பிடிக்கும். என் வகுப்புத் தோழிகள் விட்டுப்போனது எல்லாம் இந்த இரண்டு தாளில்தான், பைத்தானில் இல்லை.

ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரம் ஒதுக்குங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். பொய்யில்லை. வாராவாரம் அசைன்மென்ட் ஏற்ற வேண்டும். இரண்டு குவிஸ், ஓர் இறுதித் தேர்வு, இவை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் வரும். இணையவழிப் படிப்புதானே, பார்த்து எழுதிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

ஒரு டெர்மில் எத்தனை பாடம் எடுப்பது என்பதில் நமக்கு இடம் கொடுக்கிறார்கள், கட்டணமும் எடுக்கும் பாடத்துக்கு மட்டும்தான். சாதிச் சான்றிதழும் குடும்ப வருமானச் சான்றிதழும் வைத்து 75 சதவீதம் வரை சலுகை உண்டு. அப்பாவிடம் மொத்தத் தொகையைச் சொல்லிப் பயமுறுத்துவதற்கு முன், முதல் டெர்முக்கு எவ்வளவு ஆகும் என்று மட்டும் கணக்குப் போடு.

கொல்லிமலை_மிளகு எழுதியது:

நேர்காணல்_மேசை சொன்னதை நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். என் தங்கை படித்தது ஒரு சின்ன ஊர்க் கலைக் கல்லூரி. வளாகத் தேர்வுக்கே யாரும் வராத இடம். நீங்கள் சொல்லும் எக்செல் ஷீட்டில் பெயர் ஏறவே வழியில்லை. ஐ.ஐ.டி. பெயர் ரெஸ்யூமேயில் வந்த பிறகுதான் அவள் மெயிலுக்குப் பதிலே வந்தது. அவள் திறமை முன்னாலும் அதேதான். பெயரைப் பார்த்துத்தான் கதவு திறக்கிறார்கள், அதை ஒத்துக்கொள்ளாமல் "எஸ்.க்யூ.எல். தெரிந்தால் போதும்" என்பது பெரிய ஊர்க்காரர்கள் பேச்சு.

நேர்காணல்_மேசை எழுதியது:

கொல்லிமலை, நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன். கம்பெனிகள் போகாத கல்லூரி என்றால் பெயருக்கு வேலை உண்டு. ஆனால் அப்போது அங்கே உதவியது இரண்டு பட்டம் என்ற எண்ணிக்கையா, இரண்டாவதாக வந்த நிறுவனத்தின் பெயரா? தங்கை ஐ.ஐ.டி.க்குப் பதிலாக அதே கல்லூரியில் இன்னொரு பி.ஏ.வைச் சேர்த்திருந்தால் மெயிலுக்குப் பதில் வந்திருக்குமா? நான் மறுப்பது அந்த எண்ணிக்கையை மட்டும்தான்.

காவிரிக்கரை, உன் கல்லூரிக்குக் கம்பெனிகள் வருகின்றனவா? சீனியர்கள் எங்கே சேர்ந்தார்கள்? இது தெரியாமல் உனக்கு மேற்கொண்டு சொல்வது சரியாக இருக்காது.

காவிரிக்கரை எழுதியது:

அண்ணா, வருகிறார்கள். போன வருட சீனியர் அக்காக்கள் பெரும்பாலும் பி.பி.ஓ., வங்கிப் பின்னணி வேலை, இரண்டு பேர் ஆடிட்டர் ஆபீஸ். ஐந்தாறு பேர் வீட்டில் இருக்கிறார்கள், கல்யாணம் பார்க்கிறார்கள்.

நான் இப்போது 71 சதவீதம், அரியர் இல்லை. சித்தப்பா பையனிடம் கேட்டேன். அவன் பி.இ., அவனிடமே ஒரு டிகிரிதான் இருக்கிறதாம்!

பி.ஏ. பொருளாதாரத்தை விட்டுவிட்டேன், கரும்பலகை ஐயா கேட்ட "எதற்காக" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. சி.ஏ.வா, பி.எஸ். படிப்பா என்பதுதான் பாக்கி. உண்மையைச் சொன்னால் வரிச் சட்டம் எனக்குத் தூக்கம் வரவைக்கிறது. எண்களை வைத்து ஏன் இப்படி ஆனது என்று பார்ப்பது பிடிக்கும். கடையில் எந்த மாதம் எந்தச் சரக்கு தேங்குகிறது என்று அப்பாவிடம் நான்தான் சொல்வேன்.

தணிக்கைத்_தம்பி எழுதியது:

வரிச் சட்டத்தில் தூக்கம் வருகிறதென்றால் சி.ஏ. வேண்டாம், சத்தியமாகச் சொல்கிறேன். 55 சதவீத நேரடி வழி பட்டம் முடித்தபின்னும் திறந்தே இருக்கும். மனம் மாறினால் அப்போது வா.

நேர்காணல்_மேசை எழுதியது:

அந்தக் கடைக் கணக்கை அப்படியே விட்டுவிடாதே. ஒரு வருட பில்லையும் கொள்முதலையும் எக்செல்லில் ஏற்று. எந்தச் சரக்கு எத்தனை நாள் அலமாரியில் கிடக்கிறது, கடனுக்குப் போனது எப்போது திரும்பி வருகிறது, தீபாவளிக்கு முன் எண்ணெய் எவ்வளவு வாங்கி வைத்தால் கையைக் கடிக்காது. பி.காம். மாணவி ஒருத்தி இதை என் முன்னால் உட்கார்ந்து எண்களோடு விளக்கினால் நான் அடுத்த ஆளைக் கூப்பிட அவசரப்பட மாட்டேன். பைத்தான் கற்றபின் அதே கணக்கை அதில் போடு. ஐ.ஐ.டி. பாடத்தில் வரும் பயிற்சிக் கணக்குகளை எல்லோரும் காட்டுவார்கள், இந்தக் கடைக் கணக்கு உன் ஒருத்தியிடம்தான் இருக்கும்.

அப்புறம், பி.எஸ். பாடம் அழுத்தி பி.காம்.மில் ஓர் அரியர் விழுந்தால் நான் முதலில் சொன்ன வடிகட்டலிலேயே நின்றுவிடுவாய். அப்படி ஒரு பையனை நான் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. பைத்தானில் நல்ல மார்க், கார்ப்பரேட் அக்கவுண்டிங்கில் அரியர். அவனுக்காக விதியைத் தளர்த்தும் அதிகாரம் என்னிடம் இல்லை.

கணக்கு_வராது எழுதியது:

காவிரிக்கரை, சேர்வதானால் பட்டத்தை இலக்காக வைக்காதே, டிப்ளமோவை வை. ஃபவுண்டேஷன் 32 கிரெடிட். அதற்கு மேல் புரோகிராமிங் டிப்ளமோ 27, டேட்டா சயின்ஸ் டிப்ளமோ 27. 114 கிரெடிட்டில் பி.எஸ்சி., 142ல் பி.எஸ். எந்த நிலையில் நின்றாலும் அதுவரை படித்ததற்குச் சான்றிதழ் உண்டு. சி.ஏ. மாதிரி வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை, தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். புரோகிராமிங் டிப்ளமோவிலேயே டேட்டாபேஸ், எஸ்.க்யூ.எல். வந்துவிடும், மேசை அண்ணன் கேட்கும் டெஸ்டுக்கு அதுவே கை கொடுக்கும். வேலை கிடைத்தபின் மிச்சத்தைத் தொடரலாம். முடிக்க எட்டு வருடம் வரை அவகாசம் தருகிறார்கள். வெளிநாடு போகும் ஆசை வந்தால் மட்டும் 142 வரை போயே ஆக வேண்டும், ஹூஸ்டன் சார் சொன்ன பதினாறு வருடக் கணக்கு அப்போதுதான் சரியாகும்.

காவிரிக்கரை எழுதியது:

அக்கா, முதலில் குவாலிஃபையர் எழுதிப் பார்க்கிறேன். தேறினால் இரண்டு பாடம் மட்டும், கணிதம் ஒன்றும் ஆங்கிலமும். செமஸ்டரில் 65க்குக் கீழே இறங்கினால் அடுத்த டெர்ம் ஒரு பாடமாகக் குறைத்துக்கொள்வேன். அப்பாவிடம் முதல் டெர்ம் தொகையை மட்டும் சொன்னேன். "கடைக் கணக்கை நீயே பார்த்துக்கோ, அந்தச் சம்பளத்தைக் கட்டிடறேன்" என்கிறார்.

எந்த டெர்மில் தொடங்குவது நல்லது? ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்று இருக்கின்றனவே.

கணக்கு_வராது எழுதியது:

கெட்டிக்கார அப்பா! மே டெர்மைப் பிடி. நம் பல்கலைக்கழக செமஸ்டர் தேர்வுகள் நவம்பரிலும் ஏப்ரலிலும். செப்டம்பர் டெர்மில் குவிஸும், ஜனவரி டெர்மில் இறுதித் தேர்வும் அவற்றின் மேலேயே வந்து விழும். மே டெர்ம் ஆகஸ்டோடு முடிந்துவிடும், கல்லூரியில் அப்போது இன்டர்னல் மட்டும்தான். குவாலிஃபையருக்கான நாலு வாரம் அதற்கு முன்னாலேயே வரும், விண்ணப்பக் கடைசித் தேதியை இப்போதே பார்த்து வை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் ஸ்கேன் செய்து வை. வருமானச் சான்றிதழ் இல்லையென்றால் இந்த வாரமே இ-சேவை மையத்தில் போடு, அது வருவதற்குத்தான் நாள் பிடிக்கும்.